அசர வைக்கும் ஆல்பங்களைத் தேடிப் பிடிப்பதும் கைமாற்றிக் கொடுப்பதும்

புதிதாக ஏதாவது கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் தொடங்குகிறார்கள். 'எல்லாக் காலத்திலும் சிறந்த நூறு ஆல்பங்கள்' மாதிரி ஒரு பட்டியலை எடுத்து, ஒன்றாம் நம்பரிலிருந்து கேட்டுக்கொண்டே வருவார்கள். ஏழெட்டு ஆல்பத்திலேயே சலித்துவிடும். பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் நல்ல ஆல்பங்கள்தான். ஆனால் எதில் எதைக் கேட்க வேண்டும் என்று பட்டியல் சொல்லாது. ஒரு ஆல்பத்தின் உயிர் டிரம்ஸில் இருக்கும். இன்னொன்றில் பாடுகிறவர் என்ன பாடுகிறார் என்றே பிடிபடாது, கிட்டாரின் ஓசைதான் எல்லாம். வேறொன்றில் பாட்டுகள் அடுத்தடுத்து வரும் வரிசையில்தான் விஷயமே இருக்கும். காதை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால், முதல் தடவை வெறும் இரைச்சலாகப் பட்ட ஆல்பம்கூட வழிவிடும். நல்ல ஆல்பத்தைத் தேடுவதற்கும் சரி, அதை இன்னொருவருக்குச் சொல்வதற்கும் சரி, அடிப்படை இதுதான்.

ராக்கும் பாப்பும் ஓரளவு கேட்டிருக்கிறீர்கள், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்க்க நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வரிசையாகச் செய்தால் நல்லது.

முதலில் போனைச் சரிசெய்யுங்கள்

பாட்டுகளின் வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிளை அணையுங்கள். ஒரு பாட்டின் வாலை அடுத்த பாட்டின் தலையோடு கலக்கும் கிராஸ்ஃபேடையும் அணையுங்கள். ஆல்பம் முடிந்ததும் செயலி தானாகவே வேறு எதையோ போட ஆரம்பிக்குமே, அதையும் நிறுத்துங்கள். பாட்டுகளின் வரிசை கலைஞர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒன்று சொல்லலாம்: 2021-இல் அடேல் கேட்டுக்கொண்ட பிறகுதான் ஸ்பாட்டிஃபை, ஆல்பத்தைத் திறந்து பிளே அழுத்தினால் பாட்டுகள் கலைந்து வரும் ஏற்பாட்டை மாற்றியது.

அடுத்து, எந்தப் பதிப்பைக் கேட்கிறீர்கள் என்று பாருங்கள். 'டீலக்ஸ்', 'ஆண்டுவிழாப் பதிப்பு' என்று வருபவற்றில் கடைசிப் பாட்டுக்குப் பின்னால் ஒத்திகைப் பதிவுகளும் நேரலைப் பதிவுகளும் சேர்ந்திருக்கும். நாற்பது நிமிட ஆல்பம் இரண்டு மணி நேரமாகிவிடும். முதலில் வெளிவந்தபோது எந்தப் பாட்டில் முடிந்ததோ அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

1960களின் நடுவில் வந்த ஆல்பங்களுக்கு, இரண்டு காதிலும் ஒரே ஓசை வருகிற மோனோ பதிப்பு இருந்தால் அதைத் தேடுங்கள். அந்தக் கால ஸ்டீரியோ கலவைகளில் குரல் ஒரு காதிலும் டிரம்ஸ் மறு காதிலுமாகப் பிரிந்து நிற்கும், ஹெட்போனில் கேட்டால் தலை வலிக்கும். பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' 1966-இல் மோனோவில்தான் வந்தது. அதை உருவாக்கிய பிரையன் வில்சனுக்கு ஒரு காது அநேகமாகக் கேட்காமல் இருந்தது. அவர் மனதில் இருந்த கலவையும் மோனோதான்.

அப்புறம், பக்கக் கணக்கு. எல்பி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் இருபது நிமிடம் கொள்ளும். சிடி வரும்வரை வந்த நல்ல ஆல்பங்கள் பலவும் இந்த இரண்டு பக்கங்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. டேவிட் போவியின் 'லோ' (1977) முதல் பக்கத்தில் ஏழு குட்டிப் பாட்டுகள். இரண்டாம் பக்கத்தில் பாட்டு என்றே சொல்ல முடியாத, பெரும்பாலும் சொற்களற்ற நான்கு இசைத் துண்டுகள். கேட் புஷ்ஷின் 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' (1985) முதல் பக்கம் ஐந்து பாப் பாட்டுகள். இரண்டாம் பக்கம் முழுவதும், இரவில் நடுக்கடலில் தனியாக மிதக்கும் ஒரு பெண் தூங்கிவிடாமல் விடியும்வரை தாக்குப்பிடிப்பதைச் சொல்லும் ஏழு பகுதிகள். இதை ஒரே மூச்சில் பன்னிரண்டு பாட்டாகக் கேட்டால் நடுவில் ஏதோ உடைந்த மாதிரி இருக்கும். முதல் பக்கம் முடிந்ததும் நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு, விளக்கைக் குறைத்துக்கொண்டு இரண்டாம் பக்கத்தைப் போடுங்கள். 2022-இல் ஒரு தொடரின் மூலம் உலகமே மறுபடி கேட்ட 'ரன்னிங் அப் தட் ஹில்' முதல் பக்கத்தின் முதல் பாட்டு. அதோடு நின்றுவிட்டவர்கள் ஏராளம். அந்த ஆல்பத்தின் பெரிய சாதனை திருப்பிப் போட்ட பக்கத்தில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

ஹெட்போன் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஒரு ஆல்பத்துக்குக் குறைந்தது மூன்று தடவை கொடுங்கள், ஒரே நாளில் வேண்டாம். முதல் தடவை வேறு வேலை செய்யாமல். இரண்டாம் தடவை நடந்துகொண்டே. மூன்றாம் தடவை இரவில்.

உங்கள் காதுக்கு ஏற்கெனவே என்ன தெரியும்?

தமிழ்ச் சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த காதுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. வயலின் கூட்டமும் தவிலும் பேஸ் கிட்டாரும் ஒரே பாட்டில் வருவது நமக்கு ஆச்சரியமில்லை. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் பாட்டு வேறு ஊருக்குப் போய்விட்டுத் திரும்புவதும் பழக்கம்தான். கச்சேரி கேட்டவர்களுக்குச் சுருதி நிற்பதும் தெரியும். இதை வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

பீட்டில்ஸின் 'ரிவால்வர்' (1966) ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'டுமாரோ நெவர் நோஸ்' தம்புராவில்தான் தொடங்குகிறது. பாட்டு முழுவதும் அநேகமாக ஒரே சுரத்தின் மேல் நிற்கும். அதற்கு மேலே, வளையமாக ஒட்டிய டேப் துண்டுகளிலிருந்து பறவைக் கூட்டம் கத்துகிற மாதிரி ஓசைகள் வந்து போகும். ஜான் லெனனின் குரலைப் பிற்பகுதியில் ஆர்கனுக்கான சுழலும் ஸ்பீக்கர் வழியாக அனுப்பிப் பதிவு செய்தார்கள். இந்தப் பாட்டில் மெட்டு எங்கே, திருப்பம் எங்கே என்று தேடினால் ஏமாற்றம்தான். சுருதியில் காதை வைத்துவிட்டு, மேலே எது நடந்தாலும் நடக்கட்டும் என்று விட்டுவிடுங்கள்.

அதே மாதிரிதான் 1967-இல் வந்த வெல்வெட் அண்டர்கிரவுண்டின் முதல் ஆல்பம், வாழைப்பழ அட்டை போட்டது. அதில் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த ஓசையுள்ள கருவி) வாசித்த ஜான் கேல், அதற்கு முன் லா மான்டே யங் என்பவரோடு சேர்ந்து மணிக்கணக்கில் ஒரே சுரத்தை நீட்டி வாசித்துப் பழகியவர். லா மான்டே யங் பிற்பாடு பண்டித பிரான்நாத்திடம் இந்துஸ்தானி கற்ற சீடரானார். 'வீனஸ் இன் ஃபர்ஸ்' பாட்டில் விடாமல் அறுக்கிற அந்த வயோலா பலருக்கு முதலில் எரிச்சலாக இருக்கும். அது அந்தப் பாட்டின் சுருதி என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் இடத்தில் வந்து உட்காரும். டிரம்ஸ் வாசித்த மோ டக்கர் நின்றுகொண்டு, சிம்பல்களை அதிகம் தொடாமல் வாசித்தவர். ராக் டிரம்ஸில் வழக்கமாகக் கேட்கிற அந்தச் சல்சல் ஓசை இல்லாததால்தான் இந்த ஆல்பம் இவ்வளவு வறண்டு, நெருங்கி நிற்கிறது.

நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றும் இருக்கிறது: மாயா அருள்பிரகாசத்தின், அதாவது எம்.ஐ.ஏ.வின் 'கலா' (2007). லண்டனில் ஈழத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்தவர். ஆல்பத்துக்கு அம்மாவின் பெயர். சில பகுதிகளைச் சென்னையில் இங்குள்ள தாளக் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்தார். முதல் பாட்டான 'பாம்பூ பாங்கா'வில் 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' பாட்டிலிருந்து எடுத்த துண்டு வரும். அமெரிக்க, ஆங்கிலேய விமர்சகர்கள் அப்போது இந்த ஆல்பத்தைப் புதுமை என்று கொண்டாடினார்கள். அதன் பாதித் தாளம் நம் தெருவில் கேட்டது. ஒரு வெளியூர்க்காரரைவிட உங்களால் இதை நன்றாகப் பிரித்துக் கேட்க முடியும்.

ஒரு ஆல்பத்தைப் பக்கத்திலிருந்து கேட்போம்

டாக் டாக் என்று ஓர் ஆங்கிலேயக் குழு. 1984-இல் 'இட்ஸ் மை லைஃப்' மாதிரி சின்தசைசர் பாப் பாட்டுகளால் பெயர் வாங்கியவர்கள். 1988-இல் அவர்கள் கொடுத்த 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' ஆறே பாட்டு, நாற்பது நிமிடத்துக்குச் சற்று மேல். ஹிட் பாட்டு எதிர்பார்த்துக் காசு போட்ட நிறுவனத்துக்கு இதை எப்படி விற்பது என்றே தெரியவில்லை.

போட்டவுடன் கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்காது. தூரத்தில் ஒரு டிரம்பெட், மெல்லிய தந்தி ஓசைகள், ஏதோ உரசல். பலர் இந்த இடத்தில் சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். கூட்டாதீர்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் கடந்த பிறகு ஒரு கிட்டார் நுழையும். டிரம்ஸ் அவசரமில்லாமல் வரும். அப்புறம்தான் மார்க் ஹாலிஸின் குரல், பாதி முணுமுணுப்பாக. நடுவில் ஒரு ஹார்மோனிக்கா கரகரத்துக்கொண்டு கிழிக்கும். அதைக் கிட்டார் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் மூன்று பாட்டுகளும் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே பக்கமாக ஓடும். மூன்றாவதான 'டிசையர்' மிகத் தாழ்ந்த ஆர்கனில் தொடங்கி, எதிர்பாராத நேரத்தில் மொத்தமும் வெடிக்கும். முதலிலேயே சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தால் இங்கே ஓடிப் போய்க் குறைக்க வேண்டியிருக்கும், அத்தோடு மயக்கம் கலைந்துவிடும்.

இதைப் பதிவு செய்த விதம் தெரிந்தால் கேட்பதும் மாறும். லண்டன் ஸ்டுடியோ ஒன்றில் விளக்குகளை அணைத்துவிட்டு, வந்த இசைக்கலைஞர்களிடம் அதிகம் எதுவும் சொல்லாமல் மனம்போல வாசிக்கச் சொன்னார்கள். ஹாலிஸும், பதிவை வழிநடத்திய புரொடியூசர் டிம் ஃபிரீஸ்-கிரீனும் அந்த மணிக்கணக்கான பதிவிலிருந்து சில வினாடித் துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்து ஒட்டினார்கள். அதனால் ஒவ்வொரு ஓசையும் அப்போதுதான் யோசித்து வாசித்த மாதிரி இருக்கும், ஆனால் இடம் மட்டும் துல்லியமாக அமைந்திருக்கும். இந்த ஆல்பத்தில் காதை வைக்க வேண்டிய இடம், ஒரு ஓசை முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் இருக்கிற இடைவெளி.

'ஐ பிலீவ் இன் யூ' என்ற ஐந்தாவது பாட்டில் ஒரு தேவாலயச் சிறுவர் பாடகர் குழு மெதுவாக வந்து சேரும். முழு ஆல்பத்துக்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு இதுதான் வாசல்.

நூல் பிடித்துப் போவது

ஒரு ஆல்பம் பிடித்துவிட்டால், 'இதே மாதிரி' என்று செயலி காட்டுவதைத் தொடாதீர்கள். அது ஓசையில் ஒத்திருப்பதைக் காட்டும், நீங்கள் தேடுவது ஆச்சரியத்தை. அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். அட்டை கையில் இல்லை என்றால் டிஸ்காக்ஸ் தளத்தில் ஏறக்குறைய எல்லா ஆல்பத்துக்கும் யார் வாசித்தார், யார் பதிவு செய்தார், எந்த லேபிள் (வெளியிட்ட நிறுவனம்) என்ற விவரம் இருக்கும். அதிலிருந்து ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

'லோ' பிடித்ததா? அதில் பிரையன் ஈனோ என்ற பெயர் இருக்கும். அவரைத் தொடர்ந்தால் டாக்கிங் ஹெட்ஸின் 'ரிமெய்ன் இன் லைட்' (1980) வரும், புரொடியூசர் அவர்தான். எட்டே பாட்டு, நாற்பது நிமிடம். முதல் மூன்று பாட்டுகளில் சுருதி அநேகமாக மாறவே மாறாது. நாலைந்து சிறிய தாளத் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு சுழன்றுகொண்டே இருக்கும். இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தேடினால் நேராக நைஜீரியாவின் லாகோஸுக்குப் போய்ச் சேர்வீர்கள், ஃபெலா குட்டியிடம். ராணுவச் சிப்பாய்களைக் கேலி செய்து அவர் போட்ட 'சோம்பி' பாட்டு பன்னிரண்டு நிமிடம். 1977 பிப்ரவரியில் ராணுவத்தினர் அவருடைய வீட்டைத் தாக்கித் தீ வைத்தார்கள். அந்தப் பாட்டில் டிரம்ஸ் வாசித்தவர் டோனி ஆலன். அவரைப் பிடித்துக்கொண்டால் இன்னும் பத்து ஆல்பம். ஒரே ஒரு பெயரிலிருந்து மூன்று கண்டம் தாண்டிவிட்டீர்கள்.

என்னைப் பொறுத்தவரை, புரொடியூசரைவிட டிரம்மரைத் தொடர்வது நல்ல பலன் தரும். பாடகர் மாறலாம், பாணி மாறலாம், டிரம்மரின் கை மாறாது. லேபிளைத் தொடர்வதும் நல்ல வழிதான், ஆனால் ஒரு லேபிளின் நல்ல காலம் பெரும்பாலும் சில ஆண்டுகள்தான் இருக்கும். பிரஸ்ஸல்ஸின் கிராம்டு டிஸ்க்ஸ் அதற்கு விதிவிலக்கு. எத்தியோப்பியாவின் மஹ்மூத் அஹ்மத், காங்கோவின் கொனோனோ நம்பர் ஒன் இரண்டையும் வெளியுலகுக்குக் கொண்டுவந்தது அவர்கள்தான். கொனோனோ குழுவினர் கட்டைவிரலால் மீட்டும் லிகெம்பே என்ற கருவிக்கு, பழைய கார் பாகங்களின் காந்தங்களை வைத்து மைக் செய்தார்கள். அந்தக் கரகரப்பு வேண்டுமென்று வைத்ததல்ல, ஆனால் இப்போது அது இல்லாமல் அந்த இசையை நினைக்க முடியாது.

போட்டியையும் தொடரலாம். பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' கேட்டுவிட்டுத்தான் பிரையன் வில்சன் 'பெட் சவுண்ட்ஸ்' செய்யத் துணிந்தார். அதைக் கேட்டுப் பால் மெக்கார்ட்னி அசந்துபோனது அடுத்த ஆண்டு வந்த 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்தில் தெரியும். மூன்றையும் இந்த வரிசையில் கேட்டால் ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் பதில் சொல்வது காதில் விழும்.

நம் நாட்டிலேயே ஒளிந்திருந்த ஒன்று: பம்பாயில் இந்திப் படங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982-இல் மூன்று ரோலண்ட் மின்னணுக் கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்தார். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-இல் மறுபடி வெளிவந்தபோதுதான், சிகாகோவில் சில ஆண்டுகள் கழித்துப் பிறந்த ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை எல்லோர் கண்ணிலும் பட்டது. காரணம் எளிது: அதே டிபி-303 பேஸ் கருவி இரண்டிலும் இருக்கிறது. பைரவி, லலித் எல்லாம் தெரிந்தவர்களுக்கு இது ஒரு விருந்து.

மொழி புரியவில்லை என்பதை ஒரு தடையாக எடுத்துக்கொள்ளவே வேண்டாம். பிரேசிலில் ராணுவ ஆட்சி நடந்த 1968-இல் வந்த ஓஸ் முடான்டெஸின் முதல் ஆல்பத்தையும், தோக்கியோவின் ஃபிஷ்மான்ஸ் 1996-இல் போட்ட, முப்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரே பாட்டாக ஓடும் 'லாங் சீசன்' ஆல்பத்தையும் ஒரு சொல்கூடப் புரியாமல் கேட்கலாம். பின்னதை மழைநாளில் கேட்டுப் பாருங்கள்.

ஏறக் கடினமான ஆல்பங்கள்

தைரியமான காதுக்காரர்களின் பேச்சில் கேப்டன் பீஃப்ஹார்ட்டின் 'ட்ரவுட் மாஸ்க் ரெப்ளிக்கா' (1969) கட்டாயம் வரும். இருபத்தெட்டு துண்டுகள், இரண்டு இசைத்தட்டு. ஒவ்வொருவரும் வேறு வேறு பாட்டை வாசிக்கிறார்களோ என்று தோன்றும். ஆனால் அந்தக் குழு லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு வீட்டில் மாதக்கணக்கில் அடைந்துகிடந்து, ஒவ்வொரு சுரத்தையும் மனப்பாடம் செய்து, பெரும்பாலான வாத்தியப் பகுதிகளைச் சில மணி நேரத்திலேயே வாசித்து முடித்தது. தாறுமாறு மாதிரி கேட்பதெல்லாம் ஒத்திகை பார்த்தது. அந்த ஒத்திகை நடந்த விதம் குழுவினருக்குக் கொடுமையாகவே இருந்தது, அதையும் தெரிந்துகொண்டுதான் கேட்க வேண்டும்.

இதை முதலில் கேட்காதீர்கள். அதே குழுவின் 'சேஃப் ஆஸ் மில்க்' (1967) கேளுங்கள், அதில் ப்ளூஸ் எங்கே இருக்கிறது என்று தெளிவாகத் தெரியும். அது பழகிய பிறகு பெரியதற்குப் போனால், இரண்டு கிட்டார்களில் ஒன்றை மட்டும் ஒரு பாட்டு முழுக்கத் தொடர்ந்து பாருங்கள். மறுபடி போட்டு மற்றதைத் தொடருங்கள்.

ஸ்காட் வாக்கரும் அப்படித்தான். 1960களில் பெண் ரசிகைகள் துரத்திய பாப் பாடகர், 'தி டிரிஃப்ட்' (2006) ஆல்பத்தில் பெரிய இறைச்சித் துண்டைக் கையால் குத்தச் சொல்லி அந்த ஓசையைத் தாளமாகப் பதிவு செய்தார். நேராக அங்கே போனால் பயம்தான் மிஞ்சும். 'ஸ்காட் 4' (1969), அப்புறம் 'கிளைமேட் ஆஃப் ஹன்டர்' (1984), அப்புறம் 'டில்ட்' (1995) என்று படிப்படியாகப் போங்கள். குரல் மாறவில்லை, சுற்றியிருந்த வெளிச்சம்தான் ஒவ்வொரு ஆல்பத்திலும் குறைந்துகொண்டே வந்தது என்பது அப்போது புரியும். மூன்று தடவை கேட்டும் ஒன்று பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். எல்லாம் எல்லோருக்கும் பிடித்தாக வேண்டிய கட்டாயம் இல்லை.

இப்போது இன்னொருவருக்குச் சொல்வது

ஒரே நேரத்தில் ஒரு ஆல்பம் மட்டும் சொல்லுங்கள். பத்து சொன்னால் அவர் ஒன்றும் கேட்கமாட்டார்.

சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். 'உங்களுக்கு எந்தப் பாடகர் பிடிக்கும்?' என்று கேட்டால் பெயர்தான் கிடைக்கும். 'ஒரு பாட்டில் எந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்பீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் தாளம் மாறுகிற இடம் என்பார், ஒருவர் சரணத்துக்கு முன் வருகிற வயலின் என்பார், ஒருவர் பாடகர் மூச்சு விடுகிற இடம் என்பார். அவர் காது எங்கே இருக்கிறது என்பது அந்தப் பதிலில் இருக்கிறது.

வயலின் என்றவருக்கு 'பெட் சவுண்ட்ஸ்'. மூச்சு என்றவருக்கு நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்' (1972): ஒரு குரல், ஒரு கிட்டார், ஒரே ஒரு இடத்தில் பியானோ, மொத்தம் இருபத்தெட்டு நிமிடம். அது பிடித்தால் ராபர்ட் வயட்டின் 'ராக் பாட்டம்' (1974). மாடியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்த ஒரு டிரம்மர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கீபோர்டில் செய்த ஆல்பம் அது. அவ்வளவு மென்மையாகவும் அவ்வளவு விநோதமாகவும் வேறொன்று கிடைப்பது கடினம். சத்தத்துக்குள்ளே மூழ்கப் பிடிக்கும் என்பவருக்கு மை பிளடி வாலன்டைனின் 'லவ்லெஸ்' (1991). ஆனால் சொல்லும்போதே எச்சரித்துவிடுங்கள்: பாட்டு வரிகள் கேட்காது, கேட்கக் கூடாது என்றுதான் குரலைக் கிட்டாருக்குள் புதைத்திருக்கிறார்கள். கெவின் ஷீல்ட்ஸ் கிட்டாரின் அசைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டே மீட்டுவதால் சுருதி ஓயாமல் சாய்ந்து சாய்ந்து வரும். இதைச் சொல்லாமல் கொடுத்தால், போன் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்பார்கள்.

தாளம் என்று சொன்ன ஒருவருக்கு அனுப்புவதாக வைத்துக்கொண்டு ஒரு செய்தி எழுதிக் காட்டுகிறேன்:

"சித்தப்பா, நீங்க தவில் தனி வந்தா எழுந்து போகாம கேப்பீங்கல்ல, அதனால இது. கேன்னு ஒரு ஜெர்மன் குரூப், 1971-ல போட்ட 'டாகோ மாகோ'. அதுல 'ஹலெலுவா'ன்னு ஒரு பாட்டு மட்டும் போதும், பதினெட்டரை நிமிஷம். பாடுறவரை விட்டுடுங்க, டிரம்ஸை மட்டும் பிடிச்சிக்கிட்டுப் போங்க. அந்த ஆள் ஒரே நடையை விடவே மாட்டாரு, மத்ததெல்லாம் அவரைச் சுத்தி மாறிக்கிட்டே இருக்கும். சாப்பிட்டதுக்கு அப்புறம் ஸ்பீக்கர்ல போடுங்க. பிடிக்கலேன்னா பாதியில நிறுத்திடுங்க, பரவாயில்லை."

இதில் கவனியுங்கள். அவருக்கு ஏன் இது என்று முதலிலேயே வந்துவிட்டது. ஒரே பாட்டு, எவ்வளவு நேரம், எங்கே காது, எப்போது போட வேண்டும் எல்லாம் இருக்கிறது. நிறுத்திவிட அனுமதியும் இருக்கிறது. 'வாழ்க்கையே மாறிடும்', 'இதைக் கேக்காம எப்படி இருக்கீங்க' என்ற பேச்சு இல்லை. அப்படிச் சொன்னால் கேட்பவர் ஆல்பத்தோடு சேர்த்து உங்கள் எதிர்பார்ப்பையும் சுமக்க வேண்டும். டிரம்மர் யாக்கி லீபெட்சைட் ஜாஸிலிருந்து வந்தவர் என்பதும், பாடிய டாமோ சுஸுகியை மியூனிக் தெருவில் பார்த்து அன்று இரவே மேடை ஏற்றினார்கள் என்பதும் சுவையான செய்திகள்தான். அவற்றை அவர் கேட்டு முடித்த பிறகு சொல்லுங்கள்.

அனுப்பிவிட்டு அடுத்த நாளே 'கேட்டீங்களா?' என்று விசாரிக்க வேண்டாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இதோ வரப்போகுது என்று சைகை காட்டுவதும் வேண்டாம். இரண்டும் காதை மூடிவிடும்.

நீங்கள் யாருக்கு எதைச் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் ஒரு வரி குறித்துவையுங்கள். 'பிடிக்கலை' என்பதுகூட உதவும், ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால். டிரம்ஸ் சரி, அந்த ஆள் பாடுவதைத்தான் தாங்க முடியவில்லை என்று சித்தப்பா சொன்னால், அடுத்தது 'சோம்பி': தாளம் அதே அளவுக்கு விடாப்பிடி, பாட்டிலும் கூட்டத்தின் பதில் குரல் உண்டு. நீளம் அதிகம் என்றால் கேன் குழுவின் அடுத்த ஆல்பமான 'ஏகே பாம்யாசி' (1972), அட்டையில் வெண்டைக்காய் டின் படம் போட்டது. அதில் 'விட்டமின் சி' என்ற பாட்டு மூன்றரை நிமிடம்தான். 'வேற என்ன இருக்கு?' என்று கேட்டுவிட்டார் என்றால் 'டாகோ மாகோ'வை முதலிலிருந்து கொடுங்கள், முதல் தட்டின் இரண்டு பக்கத்தை மட்டும். மூன்றாம் பக்கத்தில் இருக்கும் 'ஆம்ன்' பதினேழு நிமிடம், பெரும்பகுதி தாளமே இல்லாமல் இருட்டுக்குள் தடவிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். அதை அவர் தானாக வந்து கேட்கும்வரை வைத்திருங்கள்.